உள்ளங்காலில் ஒரு பாடம்

ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்கு சூரிய சக்தியைப் புஸ்தகம் பார்த்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரை மத்தியானத்தில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலுடன் கடந்தால் போதும். கருங்கல்லில் பரதநாட்டியம் ஆடிவிட்டு, வெள்ளை அடித்த பட்டைக்குத் தாவும். கறுப்பு சூட்டை வாங்கிக்கொள்ளும், வெள்ளை திருப்பி அனுப்பும். பாடம் உள்ளங்காலில் ஏறியாச்சு.

மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் முடிக்கலாம். ஓர் அட்டைப் பெட்டி, உள்ளே கறுப்புத் தாள், சுற்றிலும் பழைய பேப்பர் திணிப்பு, மேலே கண்ணாடி, வெயிலை உள்ளே திருப்ப மூடியில் அலுமினியத் தாள். சூரிய அடுப்பு ரெடி! 1767-ல் ஜெனீவாவில் சொஸ்யூர் என்ற விஞ்ஞானி கண்ணாடிப் பெட்டிகளை வைத்துச் செய்து பார்த்ததும் இதே சமாசாரம்தான். அவர் ஊரைவிடத் திருச்சியில் வெயில் தாராளம். (கண்ணாடி உங்கள் பொறுப்பு. சூரியனை நேராகப் பார்க்க விடாதீர்கள்.)

கறுப்புப் பாத்திரத்தில் கைப்பிடி அரிசி, தண்ணீர். வேக மணிக்கணக்காகும். "கண்ணாடி எதுக்குப்பா?" என்பான் பையன். பதில் சொல்லிவிடாதீர்கள். எடுத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், இஸ்திரிக்காரரின் கரியைப் பார்த்து யோசித்துத்தான் சூரிய சக்தி இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2020-ல் ஸ்வீடனின் பரிசு, 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டு மேடை. மனப்பாடம் அஞ்சு மார்க் தரும். இந்த மாதிரிக் கேள்வியைத் தராது.

சோறு வெந்ததும் முதல் கவளம் உங்களுக்குத்தான். உப்பில்லை என்று முகம் சுளிக்காதீர்கள்!