காலி நாற்காலிகளுக்கு ஒரு பைனல்

2023 மார்ச் 4. சந்தோஷ் டிராபி கால்பந்து இறுதிப் போட்டி. கர்நாடகம் 3, மேகாலயா 2. மைசூர் என்ற பெயரில் 1968-69இல் கடைசியாகக் கோப்பையைத் தூக்கிய மாநிலம், 54 வருஷம் கழித்து மறுபடி தூக்கியது. மேகாலயாவுக்கு அதுதான் வாழ்க்கையிலேயே முதல் இறுதிப் போட்டி. சரி, இதை யார் பார்த்தாங்க? பெங்களூரிலிருந்து பஸ் பிடித்துப் போக முடியாது. ஷில்லாங்கிலிருந்தும் முடியாது. ஏனென்றால் ஆட்டம் நடந்தது சவுதி அரேபியாவின் ரியாத்தில், மன்னர் ஃபஹத் ஸ்டேடியத்தில். இந்திய மாநிலங்களுக்கு இடையிலான போட்டியின் அரையிறுதியும் இறுதியும் அந்த வருஷம்தான் முதல்முறையாக வெளிநாட்டுக்குப் போயின. சர்வதேசத் தரம், புதிய அனுபவம் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். அந்தப் பிரம்மாண்டமான ஸ்டேடியத்தில் பெரும்பாலும் வெறும் இருக்கைகள்தான் ஆட்டம் பார்த்தன.

அதற்குச் சுமார் பத்து மாதம் முன்பு, 2022 மே 2 அன்று, இதே கோப்பையின் இறுதிப் போட்டி கேரளத்தில், மலப்புறம் மாவட்டம் மஞ்சேரியில் நடந்தது. கேரளமும் வங்காளமும். 1-1 என்று முடிந்து, பெனால்டியில் 5-4 என்று கேரளம் ஜெயித்தது. 25,000க்கு மேல் கூட்டம். அது நோன்பு மாதத்தின் முடிவு. அதனால் கேரளத்தின் ஆட்டங்களை இரவு 8 மணிக்கு வைத்தார்கள். நோன்பு திறந்து, தொழுது, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜனம் வந்தது. மஞ்சேரி தலைநகரம் இல்லை. கொச்சி, கோழிக்கோடு மாதிரி பெரிய ஊரும் இல்லை. பந்து எங்கே உயிரோடு இருக்கிறதோ அங்கே பைனலைக் கொண்டுபோய் வைத்தார்கள். ஜனம் எப்போது வர முடியுமோ அப்போது வைத்தார்கள். அவ்வளவுதான் சூட்சுமம்.

நான் நல்லவாட்டிலிருந்து எழுதுகிறேன். புதுச்சேரிக்குத் தெற்கே, தவளக்குப்பத்தில் கடலூர் ரோட்டை விட்டு கிழக்கே திரும்பினால் கடல் வரும் இடத்தில் இருக்கும் மீனவர் ஊர். சந்தோஷ் டிராபியைப் பற்றிப் பேச எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. ரியாத்தில் நடந்தது பெரிய அளவில் நடந்த ஒரு சின்ன விஷயம். அந்தச் சின்ன விஷயம் நம் பள்ளிக்கூடப் போட்டிகளில் வருஷா வருஷம் நடக்கிறது. யாரும் கேட்பதில்லை.

நான் பார்த்த பள்ளிக்கூட பைனல்களை வரிசையாகச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். நகரத்துக்குள் ஒரு பெரிய மைதானம். வேலை நாள், காலை பதினொரு மணி. பந்தலுக்குக் கீழே துணி போர்த்திய நாற்காலிகளில் பத்துப் பதினைந்து பேர். அவர்களில் பாதிப் பேர் கோப்பை கொடுப்பதற்காக வந்தவர்கள். எதிர்ப்பக்கம் இரண்டு பள்ளியின் பி.இ.டி. சார்கள், மாற்று ஆட்டக்காரப் பையன்கள், தண்ணீர் கேன். பின்னால் காலி கேலரி, வெயிலில் வெந்துகொண்டிருக்கிறது. கோல் விழுகிறது. அடித்த பையன் கையை விரித்துக்கொண்டு ஓடுகிறான், எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நடுவிலேயே நின்றுவிடுகிறான். மாவட்ட அளவில், மாநில அளவில் என்று சான்றிதழில் அச்சாகும் ஆட்டம் இது.

அதே நேரம் அந்தப் பையனின் அம்மா எங்கே இருப்பாள்? எங்கள் பக்கத்துக் கடலோர ஊர்ப் பெண்கள் பலர் விடிவதற்குள் கூடையை எடுத்துக்கொண்டு நகரத்துக்குள் போய்விடுவார்கள். பதினொரு மணிக்கு பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் விலை பேசிக்கொண்டிருப்பார்கள். மகன் பைனல் ஆடும் இடத்துக்கும் அவளுக்கும் நடுவில் கொஞ்ச தூரம்தான். ஆனால் மீனைப் போட்டுவிட்டு எழுந்து போக முடியாது. அப்பா ராத்திரி கடலுக்குப் போய்விட்டு வந்து வலையைப் பிரித்துக்கொண்டிருப்பார், இல்லையென்றால் தூங்கிக்கொண்டிருப்பார். சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் ஊர் ஊராக இருக்கும். ஆட்டத்தை எப்போது வைக்கக் கூடாதோ அப்போது வைத்துவிட்டு, "பேரன்ட்ஸுக்கு ஸ்போர்ட்ஸ்ல இன்ட்ரஸ்டே இல்ல சார்" என்று சொல்வார்கள். காதால் கேட்டிருக்கிறேன். எரிச்சலாக வரும்.

இடத்தையும் நேரத்தையும் தேர்வு செய்வதை நிர்வாக வேலை என்று நினைக்கிறோம். யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதை அங்கேதான் முடிவு செய்கிறார்கள். டிக்கெட் கிடையாது, கேட் திறந்திருக்கிறது, ஆனால் வர முடியாது. டிக்கெட் வைத்திருந்தாலாவது விலையைக் காட்டிச் சண்டை போடலாம்.

பைனலை ஊருக்குக் கொண்டுவாங்க என்று சொன்னால் மூன்று பதில் வரும்.

முதல் பதில், "கிராமத்தில் வசதி இல்லை." இதில் பாதி உண்மை. குண்டும் குழியுமான தரையில் ஓடினால் முட்டி போகும். பதினாறு வயசில் போன முட்டி திரும்பாது. அதில் சமரசம் வேண்டாம். ஆனால் ஒரு பள்ளிக்கூட பைனலுக்கு உண்மையிலேயே என்ன வேண்டும்? சமமான தரை, சுண்ணாம்புக் கோடு, உறுதியான கோல் கம்பம், தண்ணீர், பெண் பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் போடக்கூடிய கழிப்பறை, ஒரு ஆம்புலன்ஸ். இதில் எது வில்லியனூரில் முடியாது? எது பாகூரில் முடியாது? வில்லியனூர் கொம்யூனில், துத்திப்பட்டில், ரஞ்சி கிரிக்கெட் ஆடும் மைதானமே இருக்கிறது. ரஞ்சிக்கு வரும் வெளிமாநிலக்காரர்கள் அங்கே போய்ச் சேர்கிறார்கள். பைனலுக்காகத் தரையைச் சமன் செய்தால், பைனல் முடிந்த பிறகும் அந்தத் தரை ஊரில் இருக்கும். பந்தலுக்கும் பொன்னாடைக்கும் போகும் காசு அப்படி இருக்காது.

இரண்டாவது பதில் கொஞ்சம் கனமானது. "கூட்டம் வந்தால் யார் பொறுப்பு?" இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2025 ஜூன் 4, பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியத்துக்கு வெளியே 11 பேர் நசுங்கிச் செத்தார்கள். அதே வருஷம் செப்டம்பர் 27, கரூரில் 41 பேர். அதற்குப் பிறகு "கூட்டம்" என்ற வார்த்தையைக் கேட்டாலே அதிகாரிகளுக்கு நடுக்கம் வருவது நியாயம்தான்.

ஆனால் அந்த இரண்டு இடத்திலும் என்ன நடந்தது என்று பாருங்கள். பெங்களூரில் நடந்தது நகரத்தின் நட்ட நடுவில், பெயர் பெற்ற ஸ்டேடியத்தின் வாசலில். யாருக்கு அனுமதி, எந்த கேட், பாஸ் உண்டா இல்லையா என்று கடைசி நிமிஷம் வரை குழப்பம். கரூரில் காலையிலிருந்து வந்து நின்ற ஜனம், மணிக்கணக்கில் தாமதமாக வந்த தலைவருக்காக வெயிலில் சோறு தண்ணியில்லாமல் காத்திருந்தது. தாமதம், குழப்பமான அறிவிப்பு, வெளியேற வழியில்லாத இடம். கிராமம் என்பதால் யாரும் சாகவில்லை. அழைத்துவிட்டு ஏற்பாடு செய்யாததால்தான் செத்தார்கள்.

விளையாட்டிலேயே உதாரணம் வேண்டுமா? 2021 மார்ச்சில் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் தேசிய ஜூனியர் கபடிப் போட்டியின் தொடக்கத்தில் கேலரி சரிந்து நூறு பேருக்கு மேல் காயம். 2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டம் பூங்ஙோட்டில் செவன்ஸ் கால்பந்து பைனலில் கேலரி சரிந்து ஏறத்தாழ இருநூறு பேருக்குக் காயம். இரண்டுமே தற்காலிக கேலரி. எனக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிமையானது. கட்டாதே. கயிறு கட்டி, தரையில் உட்காரச் சொல், பின்னால் நிற்கச் சொல். நாலு பக்கமும் திறந்திருக்கும் மைதானத்தில் சரிய ஒன்றும் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பூங்ஙோட்டில் அது நடந்து ஒரே மாதத்தில், அதே மாவட்டத்தில்தான் சந்தோஷ் டிராபி தொடங்கியது. "மலப்புறத்தான் கூட்டமாக வருவான், வேண்டாம்" என்று யாரும் ரத்து செய்யவில்லை. கூட்டத்தைத் தாங்கும் இடத்தை மலப்புறத்துக்குள்ளேயே பார்த்தார்கள்.

கிராமத்து ஜனத்துக்கு ஒழுங்கு தெரியாது என்ற நினைப்பும் இந்தப் பயத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதையும் வெளியே எடுத்துப் போடுவோம். வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேருக்கு ஆடி மாதத்தில் எத்தனை ஜனம் வருகிறது? துணைநிலை ஆளுநரே வந்து வடம் பிடிக்கிறார். வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேரும் அப்படித்தான். தேருக்குப் போலீஸ் வருகிறது, தடுப்பு வருகிறது, தண்ணீர்ப் பந்தல் வருகிறது, சிறப்புப் பேருந்து வருகிறது. சாமிக்குச் செய்ய முடிந்ததில் நூறில் ஒரு பங்கை அரசாங்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் செய்தால் போதும்.

இதைவிடப் பெரிய சாட்சி எங்கள் ஊரிலேயே உண்டு. 2004 டிசம்பர் 26. சிங்கப்பூரில் வேலை பார்த்த எங்கள் ஊர்ப் பையன் ஒருவர் டிவியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் போட்டார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் ஊருக்கே அறிவிப்புப் போனது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனம் அலை வருவதற்குள் வெளியேறி உயிர் தப்பியது. வீடு போனது, படகு போனது, ஆள் பிழைத்தது. சுனாமியும் ஃபுட்பால் மேட்ச்சும் ஒன்றில்லை, தெரியும். ஆனால் தெளிவாகச் சொன்னால் இந்த ஜனம் கேட்கும், குழந்தையையும் கிழவியையும் கூட்டிக்கொண்டு நகரும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? எங்களிடம் மைக்கைக் கொடுத்தால் எங்கள் கூட்டத்தை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

மூன்றாவது பதில், "நடுநிலையான இடம் வேண்டும்." சொந்த ஊரில் ஆடினால் ரெஃப்ரி பயப்படுவார், எதிரணிப் பையன் மிரளுவான் என்கிறார்கள். நியாயமான கவலை. அதற்கு உலகத்தில் தீர்வு இல்லாமலில்லை. அமெரிக்காவின் டெக்சாஸில் பள்ளிக்கூட ஃபுட்பாலுக்கு (அவர்கள் ஃபுட்பால் வேறே, கையால் ஆடுவது) ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். நாக்-அவுட் சுற்றில் எங்கே ஆடுவது என்று இரண்டு பள்ளியும் பேசி முடிவு செய்கின்றன. ஒத்துவராவிட்டால் காசு சுண்டுகிறார்கள். பெரிய மைதானம் மட்டுமே போதாது என்பதற்கும் அங்கேயே பாடம் உண்டு. ஆலன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்காக 6 கோடி டாலரில் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் கட்டி 2012இல் திறந்தார்கள். கான்கிரீட்டில் விரிசல் விட்டு 2014இல் மூட வேண்டி வந்தது.

நம்மிடம் புதுச்சேரிப் பகுதியில் அரியாங்குப்பம், பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் என்று 5 கொம்யூன் இருக்கிறது. அரையிறுதிக்குச் சீட்டுக் குலுக்கு. பைனலை வருஷத்துக்கு ஒரு கொம்யூன் என்று சுற்றிவிடு. இந்த வருஷம் பாகூர் என்றால், ஐந்து வருஷம் கழித்து மறுபடி பாகூர். இதைவிட நடுநிலை என்ன இருக்கிறது? எல்லா வருஷமும் நகரத்தில் வைப்பதை நடுநிலை என்கிறார்களே, நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு அது சொந்த மைதானம் இல்லையா?

என் வாதத்தை எனக்கு எதிராகவும் திருப்பலாம். நல்லவாட்டிலிருந்து நகரம் பத்துக் கிலோமீட்டர் சொச்சம். மாஹே எங்கே இருக்கிறது? கேரளக் கரையில். ஏனாம் ஆந்திராவில். ஒரே யூனியன் பிரதேசம் என்பதற்காக அங்கிருந்து ஒரு ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்து ஆட வேண்டிய பிள்ளைகளுக்கு முன்னால் என் புலம்பல் சின்னது. அதனால் சுற்று அவர்களுக்கும் போக வேண்டும். பந்து என்றால் உயிரை விடும் கரையில் இருக்கும் மாஹேயில் ஒரு பைனல் வைத்துப் பாருங்கள். நாங்கள் ஒருமுறை ராத்திரிப் பயணம் போகிறோம்.

ஒரு நண்பன் வேறு மாதிரி மடக்கினான். "பசங்களுக்கு பெரிய ஸ்டேடியத்துல ஆடணும்னு ஆசை இருக்காதா? நீ என்ன அவங்கள மறுபடி ஊருக்கே இழுக்குற?" ஜப்பானின் கோஷியனைச் சொன்னான். 1924இல் கட்டிய அந்த பேஸ்பால் மைதானத்தில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடைப் போட்டி நடக்கிறது. தோற்ற பையன்கள் அழுதுகொண்டே அந்த மண்ணைப் பையில் அள்ளிப் போவார்கள். ஒரே இடம், நூறு வருஷக் கனவு. உண்மைதான், ஆசை இருக்கும். ஆனால் கோஷியனைக் கோஷியன் ஆக்கியது கான்கிரீட்டா? ஒவ்வொரு பள்ளிக்கும் அங்கே ஒரு பக்கம் ஒதுக்கி, பேண்டு வாத்தியத்தோடு பள்ளியே பஸ் ஏறி வருகிறது. எல்லா ஆட்டத்தையும் நேரலையில் காட்டுகிறார்கள். ஆட்டக்காரனோடு சேர்த்து அவன் ஊரையும் அழைத்து வருகிறார்கள். அதைச் செய்யத் தயார் என்றால் நகரத்து ஸ்டேடியத்திலேயே வையுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன். பத்துப் பஸ் விடுங்கள், ஞாயிறு சாயங்காலம் வையுங்கள். ஊரைக் கூட்டிப் போக மாட்டேன், ஊருக்கும் வர மாட்டேன் என்றால் எப்படி?

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு தயக்கம் உண்டு. ஊர் ஆம்பளைங்க முன்னால் ஷார்ட்ஸ் போட்டு ஆட சில பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்கும். தெரியாத நகரம்தான் அவர்களுக்கு விடுதலையாக இருக்கும். அதை அவர்களிடம் கேட்க வேண்டும். ஆனால் "எதுக்குடி இன்னும் பந்து" என்று பத்தாம் வகுப்போடு நிறுத்தும் வீடு, ஒருமுறை தன் பெண்ணுக்கு ஊர் கை தட்டுவதைப் பார்த்தால், அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிப்போடும் என்று நம்புகிறேன். சான்றிதழைக் காட்டி அந்த வீட்டை மாற்ற முடியாது.

கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. பைனல் சனி அல்லது ஞாயிறு, சாயங்காலம் நாலு மணி. இடத்தைப் பதினைந்து நாள் முன்னால் சொல்லிவிட வேண்டும், ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் சேர்த்து. தற்காலிக கேலரி கூடாது. மைதானத்துக்கு எத்தனை பேர் என்ற கணக்கைப் போலீஸும் கொம்யூனும் முன்கூட்டியே போட்டு, அதைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். சிறப்பு விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் நாலு மணிக்கு விசில் ஊத வேண்டும். தாமதமாக வருகிறவர் கயிற்றுக்கு வெளியே, எங்களோடு தரையில் உட்காரட்டும். மார்க்கெட்டிலிருந்து கூடையோடு நேரே வரும் அம்மாவுக்கு வேண்டுமானால் அந்தத் துணி போர்த்திய நாற்காலியில் ஒன்றைக் கொடுங்கள்.