வீடு மலிவு! வேலை எங்கே?

இங்கிலாந்தில் ஒரு லட்சம் பவுனுக்குள் சொந்த வீடு வாங்க முடியுமா?

முடியும். ஆனால் லண்டனில் அல்ல. அங்கே ஒரு வீட்டின் சராசரி விலை 5 லட்சம் பவுனுக்கு மேல்!

வடக்கே, லங்காஷயர் மாவட்டத்தில் பர்ன்லி என்று ஓர் ஊர் இருக்கிறது. மான்செஸ்டர் நகரில் இருந்து சுமார் 20 மைல் தூரம். அங்கே கல்லால் கட்டிய வரிசை வீடுகள் இன்றும் அந்த விலைக்குள் கிடைக்கின்றன. மாடியில் இரண்டு அறை. கீழே இரண்டு அறை. பின்னால் ஒரு சின்ன முற்றம். அடுத்த வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர்.

வீடு காத்திருக்கிறது. ஆனால் அந்த ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலர் அங்கே குடியேற நிற்பதில்லை. நன்றாகப் படித்தவர்கள் முதலில் ரயில் ஏறிவிடுகிறார்கள்.

ஏன் இப்படி?

ஜன்னலைத் தட்டும் ஆள்

ஒரு காலத்தில் பர்ன்லியில் யாரும் இப்படிக் கேட்டது இல்லை. பிறந்த தெருவிலேயே வேலை, பிறந்த தெருவிலேயே கல்யாணம் என்று வாழ்க்கை ஓடியது.

1911-ம் ஆண்டில் அந்த ஊரின் ஜனத்தொகை ஒரு லட்சத்து 6 ஆயிரம். தறிகளின் எண்ணிக்கையும் சுமார் ஒரு லட்சம்! ஆளுக்கொரு தறி என்று சொல்லலாம். உலகத்திலேயே அதிகமாகப் பருத்தித் துணி நெய்யும் ஊர் என்று பர்ன்லி பெயர் வாங்கியது.

விடியும் முன்பே ஓர் ஆள் தெருவில் வருவான். கையில் நீண்ட கழி. அதன் முனையில் கம்பி. மாடி ஜன்னல்களில் தட்டிக்கொண்டே போவான். வீடுகளில் விளக்கு எரியும். சற்று நேரத்தில் கல் பாவிய தெருவில் மரக்கட்டை அடிவைத்த செருப்புகளின் ஓசை கேட்கும். எல்லோரும் மில்லுக்கு நடந்து போவார்கள்.

12 வயதுப் பிள்ளைகள் அரை நாள் மில்லிலும் அரை நாள் பள்ளிக்கூடத்திலும் இருந்தார்கள். மத்தியானம் பாடம் படிக்கும்போது தூங்கி விழுவார்கள். 1918-ம் ஆண்டின் கல்விச் சட்டம்தான் இந்தக் கொடுமைக்கு முடிவு கட்டியது. பிறகு 14 வயது வரை கட்டாயப் படிப்பு. 1947-ல் அது 15 வயது ஆனது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவன் திங்கட்கிழமை மில்லில் நிற்பான். எந்த மில், யாரிடம் வேலை என்பதை அப்பாவோ அத்தையோ முன்பே பேசி முடித்து இருப்பார்கள்.

பெண்களும் நெய்தார்கள். நெய்த துணிக்கு இவ்வளவு என்று கூலி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதம். 1892-லேயே அப்படி ஒரு கூலிப் பட்டியல் லங்காஷயரில் வந்துவிட்டது! எத்தனை ஊர்களில் இன்றும் இது இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். கல்யாணம் ஆன பிறகும் பெண் தறியை விடவில்லை. குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொள்வாள். அதனால்தான் மகள் தாய் வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு தேடினாள்.

இதெல்லாம் சொர்க்கம் என்று எண்ணிவிட வேண்டாம். தறிச் சத்தத்தில் காது கேட்காது. ஒருவர் வாய் அசைவதைப் பார்த்தே மற்றவர் பேச்சைப் புரிந்துகொள்ளும் பழக்கம் ஏற்பட்டது. நாடாவில் நூல் கோக்க அதன் துளையில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவரும் வாய் வைப்பார். நோய் பரவியது. 1952-ல்தான் அது தடை செய்யப்பட்டது. மில் வேண்டாம் என்றால் நிலக்கரிச் சுரங்கம். 1962 மார்ச்சில் ஹாப்டன் வேலி சுரங்கத்தில் நடந்த வெடிவிபத்தில் 19 பேர் மாண்டார்கள்.

ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறை, ஜூலையில், மில்கள் எல்லாம் ஒன்றாக மூடப்படும். ஊரே காலியாகி பிளாக்பூல் கடற்கரைக்குப் போகும். அங்கேயும் அடுத்த அறையில் அதே தெருக்காரர்தான்!

1960 மே மாதம் பர்ன்லியின் கால்பந்துக் கோஷ்டி இங்கிலாந்தின் முதல் டிவிஷன் சாம்பியன் ஆனது. அப்போது ஊரின் ஜனத்தொகை சுமார் 80 ஆயிரம்தான். இவ்வளவு சிறிய ஊர் பெரிய நகரங்களை எல்லாம் முந்திவிட்டது. அந்தப் பெருமையைத் தாத்தாக்கள் இன்றும் விடவில்லை.

மில் எப்படி நின்றது?

இதில் நமக்கும் பங்கு உண்டு. 1913-ம் ஆண்டில் பிரிட்டன் சுமார் 700 கோடி கெஜம் பருத்தித் துணி ஏற்றுமதி செய்தது. அதில் சுமார் 300 கோடி கெஜம் இந்தியாவுக்கு வந்தது! பிறகு நம் நாட்டு மில்கள் வளர்ந்தன. ஜப்பான் போட்டிக்கு வந்தது. அன்னியத் துணி பகிஷ்காரம் நடந்தது. 1931-ல் காந்திஜி லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனபோது, அதே மாவட்டத்தில் உள்ள டார்வென் ஊருக்கும் போனார். வேலை இழந்த மில் தொழிலாளிகள் கோபிக்கவில்லை. கூடி நின்று வரவேற்றார்கள்.

1958-ல் கதை தலைகீழாக மாறியது. பிரிட்டன் விற்ற பருத்தித் துணியை விட, வெளியே இருந்து வாங்கிய துணி அதிகம்! மறு ஆண்டே அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தறியை உடைத்தால் முதலாளிக்குப் பணம். தறிகள் பழைய இரும்பாகப் போயின. 1982-ல் குவீன் ஸ்ட்ரீட் மில் மூடப்பட்டது. அது நீராவியால் ஓடிய கடைசி நெசவாலை. இன்று அது காட்சிசாலை. அதே ஆண்டில் ஹாப்டன் வேலி சுரங்கமும் மூடியது. மில்லுக்குப் பதிலாக வந்த தொழிற்சாலைகளும் நிலைக்கவில்லை. மிஷலின் டயர் தொழிற்சாலை 2002-ல் மூடப்பட்டது.

இரவு ஷிப்டுக்கு வந்தவர்கள்

மில்கள் சாகும் முன்பு ஒரு முயற்சி செய்தன. புதிய இயந்திரங்களை வாங்கி இரவும் பகலும் ஓட்டின. ஆனால் இரவில் பெண்கள் வேலை செய்யச் சட்டம் இடம் தரவில்லை. உள்ளூர் ஆண்களும் விரும்பவில்லை. அந்த இடத்துக்கு 1950-களிலும் 60-களிலும் பாகிஸ்தானில் இருந்து ஆட்கள் வந்தார்கள். இன்றைய வங்காள தேசத்தில் இருந்தும் வந்தார்கள். பணம் சேர்த்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் பலர் நினைத்தார்கள். பிறகு மனைவி வந்தாள். குழந்தைகள் பிறந்தன. மில் போய்விட்டது. அவர்கள் தங்கிவிட்டார்கள்.

இன்று டேன்ஸ்ஹவுஸ், ஸ்டோனிஹோம் என்ற பகுதிகளில் அவர்களே பெரும்பான்மை. ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். மகனுக்கு அடுத்த வீட்டை வாங்குவது, பேரப் பிள்ளையைப் பாட்டி வளர்ப்பது, மாமனும் சித்தப்பனும் ஒரே தெருவில் இருப்பது! பழைய பர்ன்லியின் வழக்கம் இதுதான். வெள்ளைக்காரக் குடும்பங்களில் அது குறைந்துவிட்டது. வந்தவர்கள் வீட்டில் பிழைத்திருக்கிறது.

ஆனால் இரு சாராரும் நெருங்கவில்லை. 2001 ஜூனில் கலவரம் வெடித்தது. கடைகளும் கார்களும் எரிந்தன. இவர்கள் ஒன்றை ஒன்று தொடாத தனித்தனி வாழ்க்கை வாழ்கிறார்கள் என்று விசாரணைக் குழு சொன்னது. முன்பு மில்லில் இரு கூட்டமும் ஒரே கூரையின் கீழ் நின்றன. மில் மூடியதும் அந்தக் கூரையும் போயிற்று. என் அபிப்பிராயத்தில், கலவரத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இதற்குப் போதிய இடம் தரப்படவில்லை.

2003-ல் இனவெறிக் கட்சி ஒன்று நகரசபையில் 8 இடங்களைப் பிடித்தது. பிறகு அது தேய்ந்தது. வெறுப்பு அடியோடு போய்விடவில்லை. 2024 ஆகஸ்டில், இங்கிலாந்தின் பல ஊர்களில் கலவரம் நடந்த நேரத்தில், பர்ன்லி இடுகாட்டில் முஸ்லிம்களின் கல்லறைகள் மீது யாரோ சாயத்தைப் பூசினார்கள். அங்கே புதைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் அதே ஊரில் குடியிருக்கிறார்கள்.

ஓட்டு மாறி மாறி விழுகிறது

இந்தக் கவலை ஓட்டுப் பெட்டியிலும் தெரிகிறது. 2016-ல் ஐரோப்பிய யூனியனை விட்டு விலகலாம் என்று பர்ன்லியில் 3-ல் 2 பங்கு பேர் ஓட்டுப் போட்டார்கள். 2019-ல் கன்சர்வேட்டிவ் கட்சி ஜெயித்தது. 1910-க்குப் பிறகு அந்தத் தொகுதியில் அக்கட்சி வென்றது அதுதான் முதல் தடவை! 2024-ல் தொழிற்கட்சி திரும்பி வந்தது. யார் வந்தாலும் மக்கள் கேட்பது ஒன்றே. என் மகன் இங்கேயே பிழைக்க முடியுமா?

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 2003 வாக்கில் இருந்து பழைய வீடுகளை இடித்துப் புதுப்பிக்கும் திட்டம் நடந்தது. 2011-ல் பணம் நின்றது. வேலி போட்ட காலி மனைகள் மிச்சம். விலை மலிவு என்பதால் வெளியூர்க்காரர்கள் வீடுகளை வாங்கி வாடகைக்கு விடுகிறார்கள். சுவரில் ஈரம் கசிந்தால் கேட்க ஆள் இல்லை. அடுத்த வீட்டில் இருப்பவர் பெயர் தெரிவதற்குள் அவர் வேறு வீடு போய்விடுகிறார்.

2015-ல் மான்செஸ்டருக்கு நேரடி ரயில் வந்தது. சுமார் ஒரு மணி நேரப் பயணம். அங்கே வேலை, இங்கே வீடு என்று இருக்கலாம். நல்ல காரியம். ஆனால் அதே ரயில்தான் 18 வயதுப் பெண்ணைப் பெரிய நகரத்துக் கல்லூரிக்கு ஏற்றிச் செல்கிறது. 2012-ல் கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு 9 ஆயிரம் பவுன் வரை உயர்ந்தது. கடன் வாங்கிப் படித்தவள் அந்தப் படிப்புக்கு ஏற்ற வேலை எங்கே என்று பார்க்கிறாள். பர்ன்லியில் அது குறைவு. வாரக் கடைசியில் தாயைப் பார்க்க வருகிறாள்.

இப்போது கால்வாய்க் கரையில் உள்ள பழைய விக்டோரியா மில்லில் பல்கலைக்கழக வகுப்புகள் நடக்கின்றன. உள்ளூரிலேயே பட்டம் வாங்கலாம். பிரெஞ்சுக் கம்பெனியான சாஃப்ரான், விமான எஞ்சின் உறைகளின் பாகங்களைப் பர்ன்லியில் செய்கிறது. பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளைச் சம்பளம் கொடுத்துப் பழக்குகிறது. தாய் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, தொழில் கற்று, சில ஆண்டுகளில் வீட்டுக்கு முன்பணம் கட்டும் வழி இன்று அதுதான். பெற்றோர்கள் விசாரிப்பதும் அந்த வேலையைப் பற்றித்தான். ஆனால் ஒரு லட்சம் தறிகள் சோறு போட்ட ஊருக்கு அந்த இடங்கள் எந்த மூலைக்கு?