வண்டியில் அச்சாகும் ரசீது

பெங்களூர் நகரின் மொத்த வியாபாரக் கிடங்குகளிலிருந்து காலையில் புறப்படும் விற்பனை வேன்களில் சோப்பு, பிஸ்கட், எண்ணெய்ப் பெட்டிகளோடு இப்போது உள்ளங்கையளவு அச்சு இயந்திரம் ஒன்றும் ஏறுகிறது. கடை வாசலில் நின்றபடி விற்பனையாளர் கைப்பேசியில் கணக்கைத் தட்டியதும் ரசீது வெளியே வந்துவிடுகிறது. இவ்வேலைகளில் ஓட்டுநர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் இருக்கும் தமிழர்கள் இதன் நன்மையையும் தொல்லையையும் ஒருசேர அறிவார்கள்.

நன்மையை மறுப்பதற்கில்லை. வேன் விற்பனையில் எந்தக் கடைக்காரர் எத்தனை பெட்டி எடுப்பார் என்பது காலையில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் 2017-ல் வந்த சரக்கு சேவை வரி விதிகள், சரக்கை டெலிவரி சலானோடு கொண்டுபோய், ஒப்படைத்த பின் பில் போட இடம் தருகின்றன. ஆக, பில் தெருவிலேதான் பிறக்க வேண்டும். கார்பன் தாள் வைத்து எழுதிய காலத்தில் கூட்டல் பிழைக்கும் கையெழுத்துத் தகராறுக்கும் குறைவில்லை. இரவு பத்து மணிக்குக் கணக்கு நேராகாமல் தவித்த குமாஸ்தாக்கள் எத்தனையோ பேர்.

ஆனால் போன கார்பனோடு ஒரு பாதுகாப்பும் போயிற்று. அழுத்தி எழுதியதால் நகல் தானே விழுந்தது. அதில் கடைக்காரர் கையெழுத்திட்டார். புதிய இயந்திரத்துக்கு மையுமில்லை, ரிப்பனுமில்லை. ரசாயனம் பூசிய தாளைச் சூட்டால் கறுக்க வைக்கிறது, அவ்வளவே. நகல் வேண்டுமென்றால் இன்னொரு முறை அச்சிட வேண்டும். ‘தாள் வீண்’ என்று அதைத் தடுக்கும் நிறுவனங்கள் உண்டு. நாளை கடைக்காரர் ‘சரக்கே வரவில்லை’ என்றால் விற்பனையாளர் எதைக் காட்டுவார்?

அந்தத் தாளின் ஆயுளும் கெட்டியானதல்ல. சூட்டால் எழுதியதைச் சூடே கெடுக்கும். வெயிலில் நிறுத்திய வண்டியின் முன்பலகை 60 டிகிரியைத் தாண்டுவது அரிதல்ல. அங்கே கிடக்கும் ரசீது முழுதும் கறுத்துப் போகலாம். வெளிச்சமும் எண்ணெய்க் கையும் பட்டால் எழுத்து வெளிறும். பத்திரமாக இருக்கட்டுமென்று பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பவர்தான் பாவம், அந்த உறையில் கலந்துள்ள பொருளே எழுத்தைத் தின்றுவிடக்கூடும். வரிச் சட்டமோ பதிவு பெற்ற வியாபாரி கணக்கையும் ஆவணங்களையும், ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கச் சொல்கிறது. ஆறு வருஷம்! நிறுவனத்தின் கணக்கு கணினியில் பத்திரமாக இருக்கும். வெளிறிப் போவது சிறு கடைக்காரரின் பெட்டியிலும் சிப்பந்தியின் சட்டைப் பையிலும் உள்ள காகிதம்தான். தகராறு வந்தால் ஒரு தரப்பிடம் மட்டுமே எழுத்து மிஞ்சும் ஏற்பாடு நியாயமாகாது.

எனவே இரண்டு பிரதி அச்சிடுவதைக் கட்டாயமாக்கி, ஒன்றில் கடைக்காரரின் கையெழுத்தை வாங்கி, அதை அன்றைக்கே படமெடுத்து விற்பனையாளரிடமும் இருக்கச் செய்யவேண்டும். பில்லைக் கன்னடத்திலும் அச்சிட்டால், வாங்குகிறவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவார்.

அடுத்தது செலவு. காகித உருளை வாங்க விற்பனையாளரைத் தம் கையிலிருந்து போடச் சொல்வதும், இயந்திரம் பழுதானால் சம்பளத்தில் பிடிப்பதும் சில இடங்களில் வழக்கமாகிவிட்டன. ஒப்படைத்த பொருள் சேதமானால், அது தொழிலாளியின் நேரடியான கவனக்குறைவால் நேர்ந்திருந்தால் மட்டுமே, அதுவும் விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்பளித்த பிறகே பிடித்தம் செய்யலாம் என்றது 1936-ஆம் ஆண்டு சம்பளச் சட்டம். அதன் இடத்துக்கு வந்துள்ள 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. குண்டும் குழியுமான சாலையில் நாள் முழுதும் குலுங்கிய இயந்திரம் தேய்ந்து போவதைக் கவனக்குறைவு என்று யார் சொல்ல முடியும்?

சிறிய வேன்களில் மின்சாரம் 12 வோல்ட், பெரிய லாரிகளில் 24 வோல்ட். வண்டிக்கேற்ற சார்ஜரைத் தருவதும் நிறுவனத்தின் பொறுப்பே. அத்தோடு, காலையில் இயந்திரத்தைக் கையில் கொடுக்கும்போது அது எந்த நிலையில் இருந்தது என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கட்டும். அதை மட்டும் பேனாவால் எழுதட்டும்.