துடுப்பைப் பெண் குழந்தையின் கையில் கொடுங்கள்!

பெண்ணாடத்துக்காரர்களுக்கு ஆறு புதிதல்ல. ஊர் இருப்பதே வெள்ளாற்றங்கரையில்தான். ஆனால், "நீந்தத் தெரியுமா?" என்று அங்குள்ள பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் எத்தனை பேர் கை தூக்குவார்கள்?

தை மாதம். பனி விலகாத காலை. பெண்ணாடத்திலிருந்து பன்னிரண்டு பேர் பிச்சாவரம் போனோம். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே உள்ள காடு அது. தண்ணீரிலேயே மரங்கள் நிற்கும். 'இதயக்கனி' (1975) படத்தில் எம்.ஜி.ஆர். படகில் வருவாரே, அதே இடம்தான்!

நாங்கள் ஏறியது 'கயாக்' என்ற சிறு படகு. வடதுருவத்துப் பனி நாடுகளில் கடல்நாய் வேட்டைக்குத் தோலால் செய்த படகு இது. இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது. ஒருவர் அல்லது இருவர் உட்காரலாம். துடுப்பின் இரண்டு முனையிலும் பலகை இருக்கும். வலது பக்கம் ஒரு தள்ளு. இடது பக்கம் ஒரு தள்ளு. அவ்வளவுதான்.

எங்களோடு ஓர் அம்மாள் மகளுடன் வந்திருந்தார். மகளுக்குப் பதினான்கு வயது. அவளும் துடுப்புப் போட ஆசைப்பட்டாள்.

"பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்குங்க, தம்பி?" என்றார் அந்த அம்மாள். எனக்குச் சுருக்கென்றது.

2022 ஜூன் மாதம் இதே கடலூர் மாவட்டத்தில் என்ன நடந்தது? நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றில் குளிக்கப் போன ஏழு பேர் மூழ்கி இறந்தார்கள். ஏழு பேரும் பெண்கள், சிறுமிகளும் உண்டு. தத்தளித்தவர்களைக் காப்பாற்ற இறங்கியவர்களும் மாண்டார்கள்.

இதைச் சொன்னதும் அந்த அம்மாள் பேசவில்லை. மகளுக்கு லைப் ஜாக்கெட்டைத் தாமே கட்டிவிட்டார்.

முதலில் எல்லாப் படகும் வட்டமடித்தன. என் படகு கிளையில் போய் முட்டியது. "கண்ணு பத்திரம் சார்! அது தில்லை மரம்!" என்று கத்தினார் படகுக்காரர். அதன் பால் பட்டால் கண் கெட்டுவிடும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தந்த மரமே இதுதான்! நான் கண்ணை மூடிக்கொண்டு விழித்தபோது, அந்தப் பெண் எங்களுக்கெல்லாம் முன்னால் போய்க் கொண்டிருந்தாள்.

"ஆற்றுப் பக்கம் போகாதே" என்று பிள்ளைகளை அதட்டுகிறோம். போகாமல் இருக்கிறார்களா? நமக்குத் தெரியாமல் போகிறார்கள். மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டும். லைப் ஜாக்கெட் அதற்கு ஈடாகாது. ஆனால் தண்ணீர் பயத்தை அது போக்கும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் வேண்டாம். நீர் அடங்கிய தை மாதத்தில், தெரிந்தவர் துணையோடு பழக்கலாம். ஆற்றங்கரை ஊர்ப் பள்ளிக்கூடங்கள் உல்லாசப் பயணம் என்று பிள்ளைகளை எங்கெங்கோ அழைத்துப் போகின்றன. ஒரு நாள் பிச்சாவரம் போனால் என்ன? பெண் பிள்ளைகளை முதல் படகில் ஏற்றுங்கள்.

மாசி போனால் வெயில் ஏறிவிடும். தலைமை ஆசிரியர்கள் இப்போதே நாள் குறிக்கட்டும்.