அரை நொடித் தாமதம் அம்பலப்படுத்திய சதி: திறமூல மென்பொருளை நம்பும் இந்தியாவுக்கு ஒரு பாடம்

கைப்பேசியில் வங்கிக் கணக்கின் இருப்பைப் பார்த்தாலும், அரசு இணையதளத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பித்தாலும், அதற்கான பதில் எங்கோ ஒரு தரவு மையத்தில் இயங்கும் சர்வரிலிருந்து வருகிறது. உலகெங்கும் உள்ள சர்வர்களில் பெரும்பகுதி லினக்ஸ் இயங்குதளத்தில் செயல்படுபவை. அவற்றைப் பராமரிக்கும் பொறியாளர்கள் தரவு மையத்துக்கு நேரில் செல்வது அரிது. ‘எஸ்எஸ்ஹெச்’ எனப்படும், மறைகுறியாக்கம் செய்யப்பட்ட தொடர்பு வழியாகத் தொலைவிலிருந்தே அவர்கள் உள்நுழைகின்றனர்.

அந்த நுழைவாயிலுக்கு ரகசியமாக ஒரு கள்ளச்சாவி தயாரிக்கப்பட்டிருந்தது 2024 மார்ச் இறுதியில் அம்பலமானது. அது பரவலாகப் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே ஒரு மென்பொருள் பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். பேராபத்து விலகியது. ஆனால், திறமூல மென்பொருள்களின் மீது அரசு நிர்வாகத்தையும் நிதித் துறையையும் கட்டமைத்து வரும் இந்தியாவுக்கு, அச்சம்பவம் எழுப்பிய கேள்வி இன்னும் எஞ்சி நிற்கிறது.

அரை நொடிச் சந்தேகம்

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பணியாற்றும் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், ‘போஸ்ட்கிரெஸ்’ தரவுத்தள மென்பொருளை உருவாக்குவோரில் ஒருவர். பாதுகாப்பு ஆய்வு அவரது முதன்மைப் பணி அல்ல. டெபியன் லினக்ஸின் சோதனைப் பதிப்பில் தரவுத்தளத்தின் வேகத்தை அளப்பதற்கான முன்னேற்பாடுகளில் இருந்தபோது, எஸ்எஸ்ஹெச் நிரல் கணினியின் திறனை வழக்கத்தைவிட அதிகமாகப் பயன்படுத்துவதைக் கவனித்தார். தவறான பயனர் பெயருடன் வந்து உடனடியாக நிராகரிக்கப்பட வேண்டிய முயற்சிகளிலும் இதே நிலை காணப்பட்டது. சுமார் 0.3 நொடியில் முடிய வேண்டிய உள்நுழைவு 0.8 நொடி எடுத்துக்கொண்டது.

அந்த அரை நொடியின் காரணத்தைத் தேடிச் சென்றவர், கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் ‘எக்ஸ்இசட் யூட்டில்ஸ்’ என்ற சிறிய மென்பொருளை வந்தடைந்தார். அதன் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் தீங்கான நிரல் புகுத்தப்பட்டிருப்பதை மார்ச் 29 அன்று அவர் பொதுவெளியில் அறிவித்தார். இந்தப் பாதிப்புக்குத் தீவிரத்தன்மை அளவீட்டில் பத்துக்குப் பத்து அளிக்கப்பட்டது.

எஸ்எஸ்ஹெச் மென்பொருளில் எந்தக் குறையும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. சில லினக்ஸ் பதிப்புகளில் அது வேறொரு கூறு வழியாக எக்ஸ்இசட் நூலகத்தையும் சேர்த்து ஏற்றிக்கொள்கிறது. அந்த மறைமுக இணைப்பையே சதிகாரர்கள் பயன்படுத்தினர். பூட்டு உறுதியாக இருந்தது. கதவின் கீல் மாற்றப்பட்டிருந்தது. உரிய ரகசியச் சாவியை வைத்திருப்பவர் மட்டுமே பாதிக்கப்பட்ட கணினிக்குக் கட்டளையிட முடியும் என்பதால், வெளியிலிருந்து செய்யப்படும் வழக்கமான சோதனைகளில் இது சிக்கியிருக்காது.

டெபியனின் நிலையான பதிப்பு பாதிக்கப்படவில்லை. அதன் சோதனைப் பதிப்புகள், ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்பு, ஓப்பன்சூசேயின் டம்பிள்வீட் போன்றவற்றை மட்டுமே தீங்கு நிரல் எட்டியிருந்தது. முன்னெச்சரிக்கையாக உபுண்டு 24.04 பதிப்பின் பீட்டா வெளியீடு ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது.

குறிவைக்கப்பட்டது மனித நம்பிக்கை

உலகின் எண்ணற்ற கணினிகளில் இடம்பெற்றிருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளை நீண்ட காலம் தனி ஒருவரே ஊதியமின்றிப் பராமரித்து வந்தார். ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் 2021 இறுதியில் அத்திட்டத்துக்குத் திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். 2022-இல், பணிகள் தாமதமாவதாகக் கூறிப் பராமரிப்பாளர் மீது வேறு சில பெயர்களில் அழுத்தம் தரப்பட்டது. தமக்கு மனநலம் சார்ந்த சிக்கல்கள் இருப்பதாகவும், இது ஊதியமற்ற பொழுதுபோக்குப் பணி என்றும் அவர் விளக்கமளித்தார். படிப்படியாகப் பொறுப்புகள் புதியவரின் கைக்கு மாறின. 2024 பிப்ரவரியில் கள்ளச்சாவியுடன் 5.6.0 பதிப்பு வெளியானது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் யார் என்பது பொதுவெளியில் நிறுவப்படவில்லை.

இந்தப் பலவீனம் புதிதன்று. இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2014-இல் ‘ஹார்ட்பிளீட்’ குறைபாடு வெளிப்பட்டபோது, உலகமே சார்ந்திருந்த அத்திட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் மட்டுமே நன்கொடையாகக் கிடைத்து வந்தது தெரியவந்தது. எஸ்எஸ்ஹெச் தொழில்நுட்பமும் தனி ஒருவரின் முயற்சியில் பிறந்ததே. 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதை அடுத்து, அங்கிருந்த டாட்டு யுலோனென் அதை உருவாக்கினார்.

இந்தியாவின் நிலை

அரசுத் துறைகளில் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கும் கொள்கையை மத்திய அரசு 2015-இல் வெளியிட்டது. சி-டாக் நிறுவனம் சென்னையிலிருந்து உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. பாதுகாப்பு அமைச்சகக் கணினிகளுக்கென 2023-இல் அறிவிக்கப்பட்ட ‘மாயா’ இயங்குதளத்தின் அடிப்படை உபுண்டு. இந்நிலையில், தொலைவில் முகம் தெரியாத ஒருவர் பராமரிக்கும் சிறு நூலகமும் நாட்டின் பாதுகாப்போடு தொடர்புடையதாகிறது.

ஒழுங்குமுறை அமைப்புகள் இதை உணராமல் இல்லை. ஒரு மென்பொருளில் அடங்கிய கூறுகள் அனைத்தையும் பட்டியலிடும் முறைக்கான வழிகாட்டுதல்களை, சைபர் பாதுகாப்பு முகமையான ‘செர்ட்-இன்’ 2024 அக்டோபரில் வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான ‘செபி’யும் தனது சைபர் பாதுகாப்புக் கட்டமைப்பில் இத்தகைய பட்டியலை வலியுறுத்தியது.

இவை தேவையான நடவடிக்கைகள். பாதிப்பு தெரிந்த பிறகு எந்தெந்தக் கணினிகளைச் சரிசெய்ய வேண்டும் என்பதை விரைவாகக் கண்டறிய அவை உதவும். ஆனால், எக்ஸ்இசட் விவகாரத்தில் பட்டியல் மட்டும் ஆபத்தை முன்கூட்டியே காட்டியிருக்காது. தீங்கு நிரல் கொண்ட பதிப்பு, பொறுப்பில் இருந்தவரே முறைப்படி வெளியிட்ட அசல் பதிப்பு. பட்டியலில் கூறின் பெயரும் எண்ணும் இருக்கும். அதைப் பராமரிப்பவர் தனியாள் என்பதோ, சோர்ந்துபோனார் என்பதோ அதில் இடம்பெறாது.

எனவே, சரிபார்த்தலோடு பங்களிப்பும் தேவைப்படுகிறது. தீங்கு நிரலைத் தூண்டும் பகுதி, பொதுவில் உள்ள மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுத் தொகுப்பில் மட்டுமே இருந்தது. இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதை முக்கிய அமைப்புகளில் கட்டாயமாக்க முடியும். பங்களிப்பைப் பொறுத்தவரை, பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வழங்கும் நிதியத்தை 2024 அக்டோபரில் அறிவித்தது. ஜெர்மனி அரசின் ஆதரவுடன் 2022 முதல் இதற்கெனத் தனி நிதியம் செயல்படுகிறது. இந்திய அரசும் தனது மென்பொருள் செலவில் சிறு பங்கை இதற்கு ஒதுக்கலாம். சி-டாக் போன்ற அமைப்புகளின் பொறியாளர்கள், தாங்கள் சார்ந்திருக்கும் கூறுகளின் பராமரிப்பில் அலுவல் நேரத்திலேயே பங்கேற்க வழிசெய்யலாம். தனி ஒருவர் சுமக்கும் பணியில் அரசுகளின் அறிந்த முகங்கள் தோள்கொடுத்தால், அந்நியர் அங்கே நுழைவதற்கான இடைவெளி குறையும்.

நிரல் அனைவரின் பார்வைக்கும் திறந்திருந்ததால்தான் ஃபிராய்ண்டால் தடயத்தைப் பின்தொடர முடிந்தது. ஆனால், திறந்திருப்பது மட்டும் போதாது. பார்ப்பதற்கு ஆள் வேண்டும். அடுத்த முறையும் யாரேனும் ஒருவர் தற்செயலாக அரை நொடித் தாமதத்தைக் கவனிப்பார் என்ற எதிர்பார்ப்பை ஒரு நாட்டின் பாதுகாப்புத் திட்டமாகக் கொள்ள முடியாது.