அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?

அம்மா இறந்து ஓராண்டு ஆகிறது. திதி வருகிறது. பிள்ளைகள் எல்லோரும் கூடுகிறார்கள். இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் வைத்துப் படைப்பது நம் வழக்கம்.

அப்பாவின் திதி என்றால் கவலை இல்லை. கோழிக் குழம்பு, வெற்றிலை, சுருட்டு என்று மளமளவென்று சொல்லிவிடுவார்கள். அம்மாவுக்கு என்ன பிடிக்கும்? அங்கேதான் எல்லோரும் விழிக்கிறார்கள்!

அவள் சமைத்தது நினைவிருக்கிறது. அவள் சாப்பிட்டது நினைவில் இல்லை.

சேலத்துக்குத் தெற்கே பனமரத்துப்பட்டி என்ற ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் சேலம் நகரத்துக்கே குடிதண்ணீர் கொடுத்த ஏரி அங்கேதான் உள்ளது. அந்த வட்டாரத்தில் அரளித் தோட்டங்கள் அதிகம். விடியும் முன்பே பெண்கள் மொக்குப் பறிக்கப் போய்விடுவார்கள். திரும்பி வந்ததும் அடுப்பு மூட்ட வேண்டும்.

அந்தப் பக்கத்து அம்மாக்களின் கைப்பக்குவம் தெரிய வேண்டுமா? ராகிக் களியைத் தின்று பார்க்க வேண்டும்! பானையில் தண்ணீர் கொதிக்கும். நொய்யரிசி வெந்ததும் ராகி மாவைக் கொட்டுவாள். பிறகு துடுப்பைப் போட்டுக் கிண்டுவாள். தோள் வலிக்கும். புகையில் கண் எரியும். கொஞ்சம் அசந்தால் மாவு கட்டி தட்டிவிடும். களி வெந்துவிட்டதா என்று பார்க்க, கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு தொடுவாள். கையில் ஒட்டாவிட்டால் பதம் சரி. இதற்குப் படியும் இல்லை, தராசும் இல்லை.

உருண்டை பிடித்து வட்டிலில் போடுவாள். நடுவில் குழி செய்து கீரைக் கடைசலோ கொள்ளுப் பருப்போ ஊற்றுவாள். முதல் உருண்டை வீட்டுக்காரருக்கு. அடுத்தது பிள்ளைகளுக்கு. விருந்தாளி வந்தால் அவருக்கும் ஒன்று. கடைசியில் பானையில் ஒட்டியிருக்கும் காந்தலைச் சுரண்டி, மோர் ஊற்றிக் குடித்துவிட்டுப் பானை கழுவப் போவாள். "எனக்குக் காந்தல்தான் பிடிக்கும்" என்பாள். பிள்ளைகளும் நம்பினார்கள்!

அம்மாவின் சமையல் அவளோடு போய்விடக் கூடாது என்று எழுதி வைத்தவர்களும் உண்டு. சென்னையில் மீனாட்சி அம்மாள் என்று ஒருவர் இருந்தார். சமையல் பக்குவம் கேட்டு உறவுக்காரப் பெண்கள் அவருக்குக் கடிதம் எழுதுவார்கள். அதையெல்லாம் சேர்த்து 1951-ல் "சமைத்துப் பார்" என்ற புத்தகத்தை வெளியிட்டார். கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்கு அந்தப் புத்தகத்தைச் சீராகக் கொடுத்த தாய்மார்கள் எத்தனையோ பேர்! நல்ல காரியம். ஆனால், சமைத்தவள் வயிறு நிறைந்ததா என்று எந்தச் சமையல் குறிப்பும் சொல்லாது.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது தெரியுமா? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை! மாதவிலக்கிலும் பிரசவத்திலும் ரத்தம் போவதால் பெண்ணுக்குத்தான் இரும்புச் சத்து அதிகம் தேவை. அது பருப்பிலும் கீரையிலும் கறியிலும் இருக்கிறது. பல வீடுகளில் அவள் தட்டுக்கு வரும்போது குழம்பில் தண்ணீர்தான் மிஞ்சுகிறது.

2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நகரத்து ஓட்டல்களில் களிக்கு மவுசு வந்துவிட்டது. வரட்டும்! வீட்டில் களி கிண்டுகிறவளுக்கு முழு உருண்டை எப்போது வரும்?

இன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வீட்டில் இருப்பீர்கள். குழம்புச் சட்டியை நடுவில் வைத்து, அம்மாவையும் உட்காரச் சொல்லுங்கள். அவள் தட்டில் முதலில் போடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன சமைக்கலாம், உனக்கு என்ன பிடிக்கும் என்று கேளுங்கள். "எதுவானாலும் சரி" என்றுதான் சொல்வாள். விடாதீர்கள், மறுபடியும் கேளுங்கள்.