தட்டில் விழும் சோறும் தேடிப் பெறும் தீனியும்

நாய் வளர்க்கும் வீடுகளில் அன்றாடம் காணும் காட்சிதான். வேளை தவறாமல் தட்டில் சோறு விழுகிறது. இரண்டு நிமிடங்களில் தட்டு காலியாகிறது. அதன்பின் மறுவேளை வரை அந்தப் பிராணிக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. அது செருப்பைக் கடித்தால், கதவைப் பிறாண்டினால், ஓயாமல் குரைத்தால் அதற்குச் 'சேட்டை' என்று பெயர் வைத்துவிடுகிறோம். வேலையற்ற மனிதனின் சோர்வைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கதைகள் எழுதியிருக்கிறோம். காலடியில் படுத்திருக்கும் உயிரின் சோர்வு மட்டும் நம் கண்ணில் படுவதில்லை.

தீனியை உள்ளே அடைத்துக் கொடுக்கும் பொம்மைகளைப் பற்றி எழுத முற்படுவது இதனால்தான். இலக்கியம் பேசும் இடத்தில் நாய்ப் பொம்மைக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். உடன் வாழும் உயிரின் மனத்தை அறிய முயல்வது இலக்கியத்துக்கு அந்நியமான காரியம் அன்று என்பதே எங்கள் பதில்.

1963ஆம் ஆண்டில் க்ளென் ஜென்சன் என்ற உளவியலாளர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். கிண்ணத்தில் உணவு இலவசமாகக் கிடைத்தபோதும், பல எலிகள் நெம்புகோலை அழுத்தி உணவின் ஒரு பகுதியை உழைத்தே பெற்றன. பின்னர் வேறு பல விலங்குகளிடமும் பறவைகளிடமும் இந்த இயல்பு காணப்பட்டது. வீட்டுப் பூனை பெரும்பாலும் இதற்கு விலக்கு என்று 2021இல் வெளியான ஆய்வொன்று சொல்வது பூனை வளர்ப்போருக்கு வியப்பளிக்காது. நாய்களைப் பொறுத்தவரை, 2014இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்று முக்கியமானது. தாமே ஒரு கருவியை இயக்கிப் பரிசு பெற்ற நாய்கள் மிகுந்த உற்சாகம் காட்டின. அதே பரிசைத் தம் செயலுக்குத் தொடர்பில்லாமல் பெற்ற நாய்களிடம் அந்த உற்சாகம் இல்லை. நாளடைவில் அவை சோதனைக் கூடத்துக்குள் நுழையவே தயங்கின. உணவு மட்டுமன்று, 'நான் செய்தேன்' என்பதும் நாய்க்கு வேண்டியிருக்கிறது.

இன்று பலரும் அறிந்த 'காங்' என்ற ரப்பர் பொம்மையின் பிறப்பும் சுவையானது. 1970களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரின் நாய் கற்களைக் கடித்துப் பற்களைக் கெடுத்துக்கொண்டிருந்தது. ஃபோக்ஸ்வாகன் வண்டியைப் பழுதுபார்க்கும்போது கழற்றிய ரப்பர் பாகம் ஒன்றை அது விடாமல் பற்றிக்கொண்டதைக் கண்டு, அவ்வடிவிலேயே பொம்மை செய்தார். எதை வாங்குவது என்பதை நாயைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும் என்ற பாடம் அந்தக் கதையிலேயே இருக்கிறது.

தேர்வு செய்கையில் கவனிக்கவேண்டியவை சில. பொம்மை முழுவதுமாக வாய்க்குள் போய்விடாத அளவில் இருக்கவேண்டும். நகத்தால் அழுத்தினால் சற்றேனும் அமுங்கவேண்டும். கல்போல் இறுகிய பொருள் பல்லை உடைக்கும். உள்ளீடற்ற பொம்மைக்கு ஒரே துளை இருந்தால் காற்று வெளியேற வழியின்றி நாக்கு உள்ளே இழுபட்டுச் சிக்கக்கூடும். இரு துளைகள் அவசியம். உள்ளே வைப்பதற்குத் தயிர்சாதம், வேகவைத்த கேரட், எலும்பு நீக்கிய கோழி போதும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியன ஆகா. நிலக்கடலை வெண்ணெய் வாங்குவோர், நாய்க்கு நஞ்சான சைலிட்டால் என்ற இனிப்பு அதில் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளவேண்டும். பொம்மையில் வைப்பதை அன்றாட உணவிலிருந்தே எடுக்கவேண்டும், கூடுதலாகத் தந்தால் நாய் பருத்துவிடும். தின்று முடித்ததும் கழுவிவைக்காவிட்டால் நம் வெயிலில் மறுநாளே நாறும்.

பயன்படுத்துவதில் நாங்கள் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறோம். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த எங்கள் நாய்க்கு முதல் நாளே பொம்மையை நிரப்பி, குளிர்பெட்டியில் உறையவைத்துக் கொடுத்தோம். ஐந்து நிமிடம் நக்கிப் பார்த்துவிட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது. 'இதற்கு அவ்வளவு புத்தியில்லை' என்று தீர்ப்பும் வழங்கினோம். எழுத்துக் கூட்டக் கற்காத குழந்தையிடம் தடித்த நாவலைக் கொடுத்துவிட்டு அதன் அறிவைப் பழித்ததற்கு ஒப்பான செயல் அது. பின்னர் உருட்டினாலே உதிரும்படி உலர்தீனியை வைத்தோம். அது பழகியபின் சற்று இறுக்கமாக, பிறகு ஈரச் சோற்றுடன், கடைசியில் உறையவைத்து என்று மூன்று வாரங்களில் முன்னேறியது. தோற்காத அளவு எளிதாக, சலிக்காத அளவு கடினமாக என்பதே அளவுகோல்.

மனிதர்க்கே சோறில்லாத நாட்டில் நாய்க்கு விலையுயர்ந்த பொம்மையா என்ற கேள்வியை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் விலை இதில் முக்கியமன்று. பழைய துண்டில் தீனியைத் தூவிச் சுருட்டிக் கொடுத்தால் அதுவே பொம்மை. துணியை விழுங்கும் பழக்கமுள்ள நாயானால், தீனியை அறை முழுதும் இறைத்து மோப்பம் பிடிக்கவிடலாம். நாய்கள் பல இருக்கும் வீட்டில் தனித்தனியே கொடுத்தால் சண்டை வராது.

எங்கள் அச்சம் வேறு. அடுக்குமாடி வீட்டில் நாயைப் பத்து மணிநேரம் பூட்டிவிட்டுப் போவதற்கான அனுமதிச்சீட்டாக இந்தப் பொம்மை ஆகிவருகிறது. நடைக்கும் துணைக்கும் இது ஈடாகாது. தனிமையில் உண்மையாகவே கலங்கும் நாய் பெரும்பாலும் தீனியைத் தொடாது. ஒருநாள் மாலை நாங்கள் வீடு திரும்பியபோது, காலையில் நிரப்பிவைத்த பொம்மை அப்படியே கிடந்தது. நாங்கள் உள்ளே நுழைந்து உட்கார்ந்த பிறகுதான் நாய் அதை வாயில் கவ்விவந்து எங்கள் காலடியில் வைத்துக்கொண்டு தின்னத் தொடங்கியது. அதன்பின் அதைத் தனியே விடும் நேரத்தைக் குறைத்துக்கொண்டோம். பொம்மையை நிரப்புவதோடு நம் கடமை முடிவதில்லை. திரும்பி வந்ததும் அது காலியாகியிருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும்.